பெயரின் பின்பக்கம்

"ஜீரோடா மச்சான். சுத்தமா ஜீரோ."

போன மார்கழியில் ஒரு ராத்திரி நண்பனிடமிருந்து இந்த வாட்ஸ்அப் வந்தது. கூடவே ஒரு உலக வரைபடம். தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டும் அடர்த்தியாக நிறமேறியிருந்தன. ஐரோப்பா வெள்ளையாகவே கிடந்தது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்கிற மரபணுச் சோதனை அது. அவன் இருப்பது பாரிஸ் பக்கத்தில். பிரான்சில் பொழுதுபோக்குக்காக இந்தச் சோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. அதனால் லண்டனில் மச்சான் வீட்டுக்குப் போனபோது துப்பிவிட்டு வந்திருக்கிறான்.

அவனுக்குப் பிரெஞ்சுக் குடும்பப்பெயர். என்ன பெயர் என்பது இங்கே வேண்டாம். அப்பா வழி புதுச்சேரி, சொல்தா குடும்பம். அம்மா வழி எங்கள் இரும்பை. லீவுக்கு ஆயா வீட்டுக்கு வருவான். ஏரிக்கரையில் விளையாடும்போது பசங்க அவனைக் 'கறுப்பு வெள்ளைக்காரன்' என்றுதான் கூப்பிடுவோம். எங்களில் யாரையும்விட அவன் நிறம் மட்டு. ஆனால் பேரைக் கேட்டால் கப்பல் கேப்டன் மாதிரி இருக்கும். அந்தப் பேருக்குப் பின்னால் எங்கோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ஒளிந்திருக்கிறார் என்று நாங்களும் நம்பினோம், அவனும் நம்பினான்.

ஜீரோவைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒரு பிரெஞ்சுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "அப்போ உன் பேர் போலியா?" அதைத்தான் என்னிடம் கேட்டான். "நீதான் கதை கிதைன்னு படிக்கிறவனாச்சே, சொல்லு. எங்க பேரு டூப்ளிகேட்டா?"

அந்தக் கேள்விக்கு நான் எழுதிய நீளமான பதில் இது. அவனுக்குச் சொல்ல ஆரம்பித்து, நாம் இந்தப் பெயர்களை இலக்கியத்தில் எப்படி வாசிக்கிறோம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

1

முதலில் மரபணு விஷயத்தை முடித்துவிடலாம்.

குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே. ரெண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால், பெயரை வைத்து ரத்தத்தைப் படிக்கலாம் என்ற எண்ணம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் சொந்தக் குடும்பப்பெயரையே சோதனைக்கு எடுத்தார். 2000இல் வெளிவந்த அந்த ஆய்வில், 'சைக்ஸ்' என்ற பெயருள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பாதிதான். பல நூற்றாண்டுகள் ஒரே பெயரைக் கட்டிக் காத்த இங்கிலாந்திலேயே மீதிப் பாதியில் தத்து, மறைவான உறவு, பெயர் மாற்றம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது.

அடுத்து, நண்பனின் வரைபடம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மூதாதையின் பங்கு சராசரியாகப் பாதியாகும். ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைக்காரர் இருந்திருந்தால் இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. துய்ப்ளெக்ஸ் காலத்துக்குப் போனால் சுமார் பத்துத் தலைமுறை. அவ்வளவு தூரத்து மூதாதையிடமிருந்து ஒரு துணுக்குக்கூட வராமல் போவது சகஜம். ஆக, ஜீரோ என்றால் "யாருமே இல்லை" என்று அர்த்தமில்லை. யாராவது இருந்தார் என்பதற்கும் அது ஆதாரமில்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த வரைபடத்தைக் கேட்கவே முடியாது.

கேட்க வேண்டியது ஒரு காகிதத்தை.

2

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பாரிஸில் ஓர் ஆணை பிறந்தது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் பிறந்தவர்கள், எந்த மதமானாலும் எந்தச் சாதியானாலும், தங்கள் 'தனிநிலைச் சட்டத்தை', அதாவது திருமணம், சொத்து, வாரிசு விஷயங்களில் அவரவர் மதமும் சாதியும் விதித்த வழக்கத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. துறக்கிறவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப்பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும். அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். நேர் தமிழில் துறந்தவர்.

ஒன்றைக் கவனியுங்கள். பெயரைச் சொல்ல வேண்டியது துறக்கிறவர். அரசாங்கம் வைக்கவில்லை, வெள்ளைக்காரத் தகப்பனும் கொடுக்கவில்லை. ஒரு மனிதர் அதிகாரி முன்னால் போய் நின்று, இனிமேல் நானும் என் பேரப்பிள்ளைகளும் இன்னார் என்கிறார். எழுதிக்கொள்கிறார்கள்.

இந்த இயக்கத்தின் முன்னோடி பொன்னுத்தம்பி பிள்ளை, புதுச்சேரி வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பிய ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். உள்ளூர்க்காரன் அப்படி வரக்கூடாது என்று தண்டித்தார்கள். அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். ஆணை வந்த பிறகு அவர் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர் 'லப்போர்த்'. பிரெஞ்சில் 'கதவு', 'வாயில்'. தன் மக்களுக்குக் கதவு திறந்தவர் என்ற பொருளில் அப்படி வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். புதுச்சேரியில் இன்றும் லப்போர்த் வீதி இருக்கிறது.

பிரான்சிலும் லப்போர்த் என்ற குடும்பப்பெயர் உண்டு. ஊர் வாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனை அடையாளம் சொல்ல வந்த பெயர் அது. அங்கே யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அக்கம்பக்கம் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. ஆனால் ஒன்று முகவரியிலிருந்து வந்த பெயர், இன்னொன்று முடிவிலிருந்து வந்த பெயர். இந்த ரெண்டு லப்போர்த்துகளுக்கும் பொதுத் தாத்தாவைத் தேடுகிறவன் தப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

3

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன்.

புதுச்சேரி என்றதும் நம் கைக்கு முதலில் வருவது பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ரெண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து முளைத்தவை. இந்த நாவல்களை நான் கல்லூரியில் படித்தபோது ராஜதந்திரத்துக்காகவும் துபாஷிகளின் போட்டிக்காகவும் படித்தேன். நண்பனின் கேள்விக்குப் பிறகு பெயர்களுக்காக மட்டும் திரும்பப் படித்தேன். நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேறொரு ஊர் தெரிந்தது.

பெத்ரோ கனகராய முதலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முந்தைய தலைமைத் துபாஷ், கிறிஸ்தவர். ஞானஸ்நானத்தில் வந்த 'பெத்ரோ' முன்னால் நிற்கிறது. 'முதலி' பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் மதம் மாறினால் பெயரின் முன்பக்கம் மாறும். பின்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. சாதி இருப்பது பின்பக்கத்தில்தானே. 1745இல் சம்பா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றதையும், அதை எதிர்த்துக் கிளம்பிய தகராறையும் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. பெத்ரோவுக்கும் முதலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் எனக்கு அந்தச் சுவர்தான் தெரிகிறது.

இதை வைத்துப் பார்த்தால் பொன்னுத்தம்பி செய்த காரியம் விளங்கும். அவர் 'பிள்ளை' இருந்த இடத்தில் 'லப்போர்த்'தை வைத்தார். பெயரின் பின்பக்கத்தைக் கழற்றினார். சாதிப் பட்டத்தை விடுவோம் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். அதற்கு நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வேளாளர் தன் பட்டத்தை எழுத்துப்பூர்வமாக, திரும்ப முடியாதபடி விட்டிருக்கிறார். செங்கல்பட்டு நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புதுச்சேரி ஏன் இல்லை? அவர் எடுத்துக்கொண்ட பெயர் பிரெஞ்சு என்பதாலா?

பிரபஞ்சனின் நாவல்கள் 1881க்கு முந்தையவை, அதனால் இதை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் நாவலில் இன்னொரு பெயர் இருக்கிறது, அதை நாம் சரியாகப் படிக்கவில்லை. துய்ப்ளெக்ஸின் மனைவி ழான். வாசகர்கள் அவளைப் பேராசைக்காரி, மதவெறி பிடித்தவள் என்ற அளவில் முடித்துக்கொள்கிறோம். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அவள்மேல் இருந்த கசப்பை அப்படியே வாங்கிக்கொண்டோம். அவள் புதுச்சேரியில் பிறந்தவள், தமிழ் பேசத் தெரிந்தவள். அப்பா பெயரில் அல்பேர், முதல் புருஷன் பெயரில் வேன்சான், ரெண்டாவது புருஷன் பெயரில் துய்ப்ளெக்ஸ் என்று மூன்று பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களைச் சுமந்தவள். அம்மா வழி போர்த்துகீசிய - இந்தியக் கலப்பு. அந்த வழி அவள் பெயரில் எங்குமே இல்லை. குடும்பப்பெயரும் சரி, ஒய் குரோமோசோமும் சரி, அம்மாக்களைக் கணக்கில் எடுப்பதில்லை. கலப்பு நடந்த ஊரில் பாதிக் கதை அம்மாக்கள் பக்கம்தான் இருக்கும். என் நண்பன் அப்பா பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, இரும்பை ஆயாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

4

1881க்குப் பிந்தைய உலகத்தை உள்ளிருந்து எழுதிய நாவல் அரி கோத்தியேவின் 'ல திண்ணை'. 2018இல் பிரெஞ்சில் வந்தது, 2021இல் ப்ளேக் ஸ்மித் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. எங்கிருந்தோ வந்து சேரும் கில்பர்ட் தாத்தா என்ற வெள்ளைக்காரக் கிழவர் அங்கே உட்கார்ந்து தன் மூதாதையர் கதையைச் சொல்ல, தெருவே கேட்கிறது.

எனக்கு இந்த நாவலில் ரொம்பப் பிடித்தது, பிரெஞ்சு என்ற சொல்லை அது ஒரே பொருளில் விடாததுதான். மேல் கிரியோல், கீழ் கிரியோல், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள தமிழன், அது இல்லாத தமிழன் என்று ஒரு சின்னக் குப்பத்துக்குள் எத்தனை படிகள். கீழ் கிரியோலான லூர்து அந்த வீட்டில் வேலை செய்கிறாள். ஐரோப்பிய ரத்தம் எங்கோ இருக்கிறவள் பாத்திரம் கழுவுகிறாள், தமிழ்க் குடும்பம் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறது. ரத்தமும் காகிதமும் எதிரெதிர்த் திசையில் போவதை இவ்வளவு சாதாரணமாக, ஒரு சமையலறையை வைத்துச் சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை.

குறையும் எனக்கு அங்கேதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ஒரு கல், கடல் பயணங்கள், மூதாதையர் சாகசம் எல்லாம் வெள்ளைக்காரக் கில்பர்ட்டுக்கு. தெருவுக்குக் கிடைப்பது நகைச்சுவையும் அன்றாடமும். பெயரைச் சொல்லிப் பதிந்த ஒரு தமிழனின் காலை, அவன் வீட்டில் அதற்கு முந்தின ராத்திரி நடந்த சண்டை, பட்டியலில் ஒரு பெயரைத் தேடிய விரல், இதெல்லாம் காவியமாகவில்லை. பூர்வீகம் என்றால் அது ரத்தத்தில்தான் இருக்கும், கப்பலில்தான் வரும் என்ற பழைய ஆசை, அதை உடைக்கத் தெரிந்த நாவலுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என் நண்பன் வரைபடத்தில் தேடியதும் அதே கில்பர்ட் தாத்தாவைத்தான்.

5

ரெனோன்சான்களைத் தியாகிகளாக்கவும் நான் தயாரில்லை. அவனுக்கு நான் எழுதியதில் இந்தப் பகுதிதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பெயர் மாறியது. சாதி போனதா? துறந்தவர்கள் பின்னாலும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பழைய எல்லைக்குள்தான் பெரும்பாலும் தேடினார்கள். புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுப் பெயருள்ள வீட்டில் வரன் பேச்சு வந்தால், பேருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நைசாக விசாரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் மரபணு நமக்கு ஒரு உண்மையைச் சொல்கிறது. 2009இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து செய்த ஆய்வும், 2013இல் அதைத் தொடர்ந்து வந்த ஆய்வும் காட்டுவது இது: இந்தியர்கள் எல்லோருமே கலப்புதான். அந்தக் கலப்பு சுமார் 1,900 வருஷத்துக்கு முன்பு வரை பரவலாக நடந்தது. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டோம். அகமணம் நம் செல்களில் எழுதப்பட்டிருக்கிறது. 'லப்போர்த்' என்று கதவுக்குப் பெயர் வைத்தவர்களின் வீட்டிலும் அந்த இன்னொரு கதவு சாத்தியே கிடந்தது.

அதோடு இந்தப் பெயர் ஒரு உத்தியோகச் சீட்டாகவும் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இந்தோசீனாவுக்குப் போனவர்கள் சைகோனில் காவல், வரி வசூல், நிர்வாகம் என்று வேலை பார்த்தார்கள். ஐரோப்பியனுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார்கள், நியாயம்தான். ஆனால் அவர்கள் அதிகாரம் செலுத்தியது இன்னொரு அடிமைப்பட்ட மக்கள்மேல். புதுச்சேரியிலும் பிரெஞ்சு அரசாங்கம் அவர்களை முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1884இல் ஐரோப்பியர், ரெனோன்சான், மற்றவர் என்று மூன்று தனி வாக்காளர் பட்டியல் போட்டது. பெயர் கொடுத்தார்கள், தனி வரிசையில் நிற்க வைத்தார்கள்.

இன்னொன்று. இரும்பை அன்று தென்னார்க்காட்டில், ஆங்கிலேயர் எல்லையில். சில மைல் தள்ளிப் பிறந்திருந்தால் கிடைத்திருக்கும் உரிமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு இல்லை. நண்பனின் அப்பா வழிக்கும் அம்மா வழிக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை, நடுவில் ஓடிய ஒரு கோடுதான் ஒரு பக்கத்துக்குக் குடும்பப்பெயரையும் பென்ஷனையும் தந்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெயர் போலி இல்லை என்பதுதான் என் கட்சி. அரைகுறையான காரியம் வேறு, பொய்க் காரியம் வேறு. ஒரு பெயர் எந்த ஆசையோடு எழுதப்பட்டது, அந்த ஆசை எங்கே தடுக்கி விழுந்தது, ரெண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் வாசிப்பு. ஒரு நாவலை அப்படித்தானே படிக்கிறோம்?

6

ரெயூனியன் தீவில் இதன் தலைகீழ் வடிவம் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்களின் சொந்தப் பெயரே அங்கே குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. ழான்-போல் விராபூலே என்று ஒரு அரசியல்வாதி உண்டு. முன்பக்கம் பிரெஞ்சு, பின்பக்கம் வீரப்பிள்ளை. அதே பிரெஞ்சுப் பேரரசு, ஒரு கரையில் தமிழன் பின்பக்கத்தைத் தானே மாற்றினான், இன்னொரு கரையில் எழுத்தர் காதில் விழுந்தது பின்பக்கமாக நின்றது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது அதே தீவில் விடுதலையானவர்களுக்கு அதிகாரிகள் குடும்பப்பெயர் போட்டார்கள். இதில் எந்தப் பெயரை ரத்தத்தை வைத்து அளப்பது?

எங்கள் ஊருக்கே வருகிறேன். 1968இல் இரும்பையை ஒட்டி ஆரோவில் வந்தது. அதற்கு முன்பே புதுச்சேரி ஆசிரமத்தில் வெள்ளைக்காரர்கள் பெயர் மாற்றிக்கொள்வது வழக்கம். பாரிஸில் பெர்னார் என்று பிறந்தவர் அன்னையிடம் பெயர் வாங்கி 'சத்பிரேம்' ஆனார், அந்தப் பெயரிலேயே புகழ்பெற்ற எழுத்தாளரானார். சத்பிரேமிடம் யாராவது எச்சில் கேட்டார்களா? மரபணுவில் சமஸ்கிருதம் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்களா? வெள்ளைக்காரன் பெயர் மாற்றினால் ஆன்மத் தேடல். தமிழன் மாற்றினால் டூப்ளிகேட். கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனதும், வைத்தியலிங்கம் பிரபஞ்சன் ஆனதும் இதே புதுச்சேரியில்தான். அவர்களை நாம் எடுத்துக்கொண்ட பெயரால்தான் அறிகிறோம், அதுதான் அவர்கள் உண்மைப் பெயர் என்றும் நினைக்கிறோம்.

1963இல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, இது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரன் போன பிறகும், 1881இல் சொன்ன சொல்லை இந்தியச் சட்டம் மதித்திருக்கிறது. சட்டம் படித்த அளவுக்காவது இலக்கியம் இந்தப் பெயர்களைப் படிக்க வேண்டாமா? ஒவ்வொரு பிரெஞ்சுப் பெயரும் நம் கதைகளில் ஒயின் கடைக்கும் கடற்கரைக் காற்றுக்கும் பக்கத்தில் ஒரு அலங்காரமாகத்தான் இன்னும் நிற்கிறது.

இதையெல்லாம் நண்பனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் நோட். அவன் பொண்ணுக்குப் பள்ளியில் குடும்பப்பெயரின் கதையை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் ஒரு பையனுக்குத் தச்சன் வம்சம், ஒருத்திக்கு ஆலைக்காரன் வம்சம். இவள் என்ன எழுதுவது?

"மொதல்ல ஏதாச்சும் கப்பல் கதை வுடலாம்னுதான் நெனச்சேன்டா," என்றான். "அப்புறம் உள்ளதையே சொன்னேன். நம்ம தாத்தாவோட தாத்தா ஆபீசுக்குப் போயி, இனிமே நாங்க இன்னார்னு அவரே சொன்னாரும்மான்னு. அதுக்கு அவ கேக்குறா, அதுக்கு முன்னாடி நம்ம பேரு என்னன்னு."

"என்ன சொன்ன?"

"தெரியலையேடா. எத்தா சிவில்ல எழுதிக் கேட்டிருக்கேன்."